காசிநாதனின் பெட்டி தவறு செய்யவில்லை

மேடையை அலங்கரித்துக்கொண்டும், பெஞ்சுகளில் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டும், இடம் கிடைக்காமல் ஜன்னல் கம்பிகளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டும் இருக்கிற என் அன்புக்குரிய பெரியோர்களே! அரியலூர் வட்டார ஒளிப்படக் கலைஞர் சங்கத்தின் தலைவர், ஸ்டேஷன் ரோட்டு ஸ்டுடியோ அதிபர் திரு. பூங்காவனம் அவர்களே! விசாரணைக் காகிதங்களோடு வந்து ஓரத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் தொழிலாளர் ஆபீஸ் அய்யா அவர்களே! சுண்ணாம்புக்கல் குழியிலிருந்து அரைநாள் கூலியை விட்டுவிட்டு ஏறிவந்திருக்கும் தோழர்களே! தாய்மார்களே! உங்கள் எல்லோரையும் கைகூப்பிக் கும்பிடுகிறேன்.

தலைவர் என்னைக் காசிநாதனின் தாய்மாமன் என்று அறிமுகப்படுத்தினார். சரிதான். என் வாயைப் பற்றியும் இந்த வட்டாரத்துக்கே தெரியும். ஒரு படி நெல்லை ஒரு கப்பல் நெல் என்று சொல்கிறவன் நான். இன்றைக்கும் அப்படித்தான் பேசுவேன். பழக்கதோஷம். ஆனால் காசிநாதனின் இந்த இரங்கல் கூட்டத்தில் இன்று எனக்கு இரண்டு காரியம் இருக்கிறது. முதல் காரியம் என் மருமகனைப் புகழ்வது.

இரண்டாவது காரியத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒன்றேகால் வருஷத்துக்கு முன்னால் கல் குழி சரிந்து அமாவாசை செத்தான். அப்படி ஒரு தொழிலாளி அந்தக் குழியில் வேலையே செய்யவில்லை என்று ஒரு காகிதம் சொல்கிறது. அவன் அடையாள அட்டையில் இருப்பது அவன் முகமில்லை, காசிநாதன் கண்டுபிடித்த படப்பெட்டி முகத்தை மாற்றிப் பிடித்துவிட்டது, அந்தப் பெட்டி நம்பத்தக்கதல்ல என்றும் அதே காகிதம் சொல்கிறது. அமாவாசையின் சம்சாரம் ரத்தினம்மாள் இதோ முன்வரிசையில் இருக்கிறார். அவருக்குப் பக்கத்தில், ஒரு வயசுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காசிநாதனின் மனைவி மலர்க்கொடி இருக்கிறாள். அந்தக் காகிதத்தை இன்றைக்கு நான் பொய்யாக்கப் போகிறேன். என் ஒருவனால்தான் அது முடியும். ஏன் என்பது அதன் இடத்தில் வரும். முதலில் பிள்ளையைப் பாருங்கள்.

யார் இந்தக் காசிநாதன்? செந்துறைக்குத் தெற்கே மூன்று மைலில், அடுத்தவர் வயலில் குனிந்தே முதுகு வளைந்த குடும்பத்தில் பிறந்தவன். 1958ஆம் வருஷம், ஆடி மாதம். பிறந்தபோதே ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றொரு கண்ணால் உலகத்தை அளந்தான். படம் பிடிக்கிறானோ என்று மருத்துவச்சி ஆடாமல் அசையாமல் நின்றுவிட்டாள். தொப்புள்கொடி அறுக்கவே அரைமணி நேரம் தாமதம்! இதற்கு நானே சாட்சி. நான் அன்றைக்குப் பெரம்பலூரில் இருந்தேன் என்பது வேறு விஷயம்.

அவனுடைய இளமைப் பருவத்தைப் பற்றிப் பேசு மாமா என்று சங்கத்துக்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். தோழர்களே, அவனுக்கு இளமைப் பருவம் தவிர வேறு என்ன பருவம் இருந்தது? செத்தபோது இருபத்தாறு வயசு நிறையவில்லை.

எழுபதாம் வருஷம், கோடை. பையனுக்குப் பன்னிரண்டு வயசு நடக்கிறது. மத்தியான நேரத்தில் கூரைவீட்டுக் கதவைச் சாத்தி, இடுக்குகளில் சாக்கை அடைத்து, உள்ளே இருட்டாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். களை வெட்டிவிட்டு வந்த என் அக்கா கொளஞ்சியம்மாள் கதவைத் தட்டுகிறாள்.

"ஏன்டா காசி, பட்டப்பகல்ல கதவச் சாத்திக்கிட்டு என்னடா பண்ற? வூட்டுல பொணமா கெடக்குது?"

"கத்தாத ஆத்தா. உள்ள வந்து சட்டுனு சாத்து. செவுத்தப் பாரு."

அக்கா பார்த்தாள். கதவுப் பலகையில் ஒரு சுண்டுவிரல் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக வந்த வெளிச்சம் எதிர்ச்சுவரில் எங்கள் தெருவையே கொண்டுவந்து தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தது. புளியமரம் தலைகீழ். மாட்டுவண்டி சக்கரம் மேலே. அந்த நேரம் பார்த்துக் குடை பிடித்துக்கொண்டு தெருவில் போனார் பண்ணையார். அவர் எதிரே வந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிற காலம் அது. கட்டைவிரல் உயரத்துக்கு, காலை மேலே தூக்கிக்கொண்டு, எங்கள் மண்சுவரில் அவர் நடந்து போனார்.

"ஆத்தா, பண்ணையாரு எப்புடிப் போறாரு பாத்தியா?"

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஜெயங்கொண்டம் வரைக்கும் கேட்டிருக்கும், முந்திரித் தோப்பில் காயெல்லாம் உதிர்ந்திருக்கும்! அதற்கு முன்னால் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அதற்குப் பின்னாலும் கேட்டதில்லை.

இன்னொரு நாள் கல் குழிப் பக்கம் அழைத்துப் போனேன். நம் குழிகளில் கல்லை உடைத்தால் கிளிஞ்சல் உருவம் இருக்கும், சங்கு உருவம் இருக்கும். கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். ஒரு கிளிஞ்சல் கல்லை எடுத்துக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, இது கல்லு புடிச்ச போட்டோ."

"கேமரா எங்கடா மாப்ள?"

"மண்ணுதான் மாமா. இருட்டுல வெச்சு அமுக்கிப் புடிச்சிருக்குது."

நான் சிரித்தேன். இன்று யோசித்தால் அதைவிடச் சரியாகச் சொல்ல எந்தக் காலேஜ் வாத்தியாராலும் முடியாது.

எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. பதினாலு வயசில் நம் தலைவருடைய ஸ்டுடியோவில் தொட்டி கழுவுகிற வேலை. தலைவர் அவர்களே, நீங்கள் அன்று சொன்னதை இந்த மேடையில் சொல்லலாமா? தலையாட்டுகிறார். பெருந்தன்மை!

"டேய், ஒன் வேல தொட்டி கழுவுறது. கேமராவத் தொட்ட, கைய ஒடிச்சு மருந்துத் தண்ணில ஊறப் போட்டுருவன்."

"தொடல சார். ஒண்ணு கேக்கலாமா? ஒரு பிலிம்ல பன்னெண்டு படந்தானா? மூஞ்சி இத்துனூண்டுதான் வருது. மிச்சம் பூரா செவுரு வருது."

"செவுரு இல்லாம மூஞ்சி என்னா அந்தரத்துலயாடா நிக்கும்? போய்க் கழுவுடா."

கழுவப் போனான். ஆனால் அந்தக் கேள்வியைக் கழுவவில்லை. அதை எட்டு வருஷம் வைத்திருந்தான்.

பதினாறு வயசில் முதல் கேமரா செய்தான். கடலை எண்ணெய் டின். அதற்கு லென்ஸ் வேண்டும். நான் ஓர் அரசாங்க ஆபீசில் டவாலி. எங்கள் தலைமை எழுத்தர் பொடி எழுத்தைப் படிப்பதற்கு ஒரு பூதக்கண்ணாடி வைத்திருந்தார். அது ஒருநாள் மாயமாக மறைந்தது. எப்படி மறைந்தது என்று பத்து வருஷமாக அந்த ஆபீஸ் தேடிக்கொண்டிருக்கிறது! அய்யா, இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டாம். குறிக்க வேண்டியது பின்னால் வருகிறது.

அந்த டின்னுக்கு முன்னால் என்னையும் ஓர் ஆட்டையும் நிறுத்தினான். மூச்சு விடாதீங்க மாமா, நூறு எண்ணுற வரைக்கும் என்றான். எண்பதில் எனக்குத் தும்மல் வந்தது. படத்தைக் கழுவிப் பார்த்தால் ஆட்டுக்கு மூன்று தலை, எனக்குத் தலையே இல்லை. அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுதான்டா தம்பி ஒன்ன அச்சடிச்சாப்புல புடிச்சிருக்குது" என்றாள். அன்று தொடங்கி அவன் புதிதாக எதைச் செய்தாலும் சோதனைக்கு முதல் ஆளாக உட்காருகிறவன் நான்தான். இதை நன்றாக நினைவில் வையுங்கள். எந்தப் பிலிம் ஆனாலும் முதல் கட்டத்தில் என் முகம்.

எண்பதாம் வருஷம் அவன் தன் கேள்விக்கு விடை கண்டுபிடித்தான். டீத்தூள் பெட்டிப் பலகையில் ஒரு கேமரா. பின்பக்கத்தில் பிலிம் வைக்கிற இடம் ஓர் இழுப்பறை. அது குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று, ஆக ஒன்பது பள்ளத்தில் உட்காரும். ஒரு படம் விழுகிற கட்டத்தில் ஒன்பது முகம். பன்னிரண்டு கட்டத்துக்கு நூற்றெட்டு முகம்! பெரியோர்களே, ஒரே பிலிமில் நூற்றெட்டு! ஜப்பான்காரன் கேள்விப்பட்டிருந்தால் கப்பலில் வந்து, ரயிலில் வந்து, செந்துறை பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்து அவன் காலில் விழுந்திருப்பான். கேள்விப்படவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

எதற்காக இதைச் செய்தான்? பெயருக்கா? புகழுக்கா? கல் குழிக் காண்ட்ராக்டர் ஓர் உத்தரவு போட்டிருந்தார். அடுத்த பங்குனிக் கடைசித் திங்கட்கிழமைக்குள் படம் ஒட்டிய அட்டை இல்லாதவருக்கு வேலை கிடையாது. ஸ்டுடியோவில் படம் எடுக்க ஒரு நாள் கூலி போய்விடும். "தன் மூஞ்சியத் தானே காசு குடுத்து வாங்கணுமா மாமா?" என்று கேட்டான். அதற்காகச் செய்தான்.

எண்பத்தொன்று, பங்குனி. குழி மேட்டில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, அதற்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டான். நூற்றேழு தொழிலாளர்கள். முதல் ஆள் சோதனைக்கு நான். அன்றைக்கு எனக்கு வயிற்றுவலி என்று ஆபீசுக்கு லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது. காண்ட்ராக்டரின் குமாஸ்தா ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, சுண்ணாம்புத் தூசி அப்பிய முகங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. எல்லா முகமும் வெள்ளை. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, கண்ணாடியில் தலைகீழாகத் தெரிகிற முகத்தைப் பார்த்துப் பார்த்து, காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இழுப்பறையைத் தள்ளிக்கொண்டிருந்தான் பிள்ளை.

நான் வெற்றிலை போட ஒதுங்கினேன். மெஷின் கொட்டகைக்குப் பின்னால் அமாவாசை ஒளிந்து உட்கார்ந்திருக்கிறான். அவனும் நானும் ஒரே குளத்தில் எருமை மேய்த்தவர்கள்.

"என்னடா இங்க பதுங்கிக்கிட்டு? ஒன் பேரக் கூப்புடப் போறாங்க."

"நான் வல்லடா அங்கமுத்து. எங்கண்ணன் ஜெயங்கொண்டம் திருவிழாவுல போட்டோ புடிச்சான். முப்பதாம் நாளு பாம்பு புடுங்கிச் செத்தான். உசுரோட போட்டோ புடிச்சா ஆயுசு கொறஞ்சுரும்."

"அப்ப திங்கக்கெழம வேல போயிருமேடா?"

"போனாப் போவுது. எனக்கு மூணு பொட்டப் புள்ளைங்க. நான் இருக்கணும்டா."

தோழர்களே, நம் பக்கத்தில் இதைக் கேட்டுச் சிரிக்க எவருக்கும் யோக்கியதை இல்லை. உங்களில் எத்தனை பேர் வீட்டில் உயிரோடு எடுத்த படம் இருக்கிறது? பிணத்தை நாற்காலியில் சாய்த்து எடுத்த படம்தானே நம் சுவர்களில் தொங்குகிறது? படம் என்றால் சாவு என்றுதானே நாம் பழகியிருக்கிறோம்? ஆனால் நான் சிரித்தேன். எனக்கு எல்லாமே விளையாட்டு.

"டேய் பயந்தாங்கொள்ளி, துண்டக் குடு."

"எதுக்குடா?"

"ஒனக்குப் பதிலா நான் உக்காறேன். எனக்கு ஆயுசு எக்கச்சக்கமாக் கெடக்குது. ஒனக்கு வேணா ரெண்டு வருசம் எழுதித் தரேன்."

ஆம். சொல்லிவிட்டேன். அவன் துண்டை முண்டாசாகக் கட்டினேன். கீழே கிடந்த சுண்ணாம்புத் தூளை முகத்தில் அப்பினேன். "அமாவாசை!" என்று குமாஸ்தா கூப்பிட்டார். நான் போய் உட்கார்ந்தேன். குமாஸ்தா சீட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. காசிநாதன் துணிக்குள் இருந்தான். ஏழாம் கட்டம், எட்டாம் பள்ளம். அறுபத்திரண்டாம் முகம். டக் என்று ஒரு சத்தம். திரும்பி வந்து துண்டை அவன் தோளில் போட்டேன். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆபீசுக்கு எழுதிக் கொடுத்த வயிற்றுவலி அப்போதுதான் வந்தது.

சபை சலசலக்கிறது. அய்யா நிமிர்ந்து உட்காருகிறார். இருங்கள். இன்னும் இருக்கிறது. இதைவிடக் கேவலமானது இருக்கிறது.

எண்பத்திரண்டு, ஐப்பசி. ஒன்பது நாள் மழை. குழிச் சுவர் ஊறிக் கனத்திருந்தது. இறங்கு என்றார்கள், இறங்கினார்கள். காலை பத்து மணிக்குச் சுவர் விழுந்தது. மூன்று பேர். அமாவாசையை எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. இங்கே நான் எதையும் கூட்டிச் சொல்ல மாட்டேன். இடுப்புக் கயிற்றை வைத்து ரத்தினம்மாள் அவனை அடையாளம் காட்டினார்.

விசாரணை வந்தது. இரண்டு பேருக்கு அட்டை சரியாக இருந்தது. அறுபத்திரண்டாம் நம்பர் அட்டையை எடுத்தார்கள். குமாஸ்தா உற்றுப் பார்த்தார். "இது நம்ம டவாலி அங்கமுத்து மாதிரி இருக்குதே" என்றார். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ரத்தினம்மாள் முன்னமே சொல்லியிருந்தார், என் புருஷனுக்காக அவர்தான் உட்கார்ந்தார் என்று. காசிநாதன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அதே அறையில் நின்றான்.

அதிகாரி கேட்டார். "இது நீதானாய்யா? ரெண்டாவது தடவை உக்காந்தியா?"

எனக்கு ஓய்வூதியத்துக்கு இரண்டு வருஷம் பாக்கி. பொய் லீவு. ஆள்மாறாட்டம். ஜெயில். எல்லாம் ஒரே நொடியில் கண்ணுக்கு முன்னால் வந்தது. இந்தப் பக்கத்திலேயே பெரிய வாய் என்று பேர் வாங்கிய என் வாய் அப்போது திறந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னது.

"சோதனைக்கு ஒரு தரந்தான் சார் உக்காந்தேன், பொட்டி கொழப்பியிருக்கும்."

பொட்டி கொழப்பியிருக்கும்! இந்த இரண்டு வார்த்தை. அதிகாரி எழுதிக்கொண்டார். கருவி நம்பத்தக்கதல்ல. அமாவாசை என்ற தொழிலாளி பட்டியலில் இருந்ததற்கு ஆதாரமில்லை. குழிக்குள் தானாக நுழைந்தவராக இருக்கலாம். அடுத்த வாரம் மற்ற நூற்றாறு பேருடைய அட்டையும் செல்லாது என்று வாங்கிக்கொண்டார்கள். ஜெயங்கொண்டத்திலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் பெட்டி கேட்டு எழுதியிருந்தவர்கள் வேண்டாம் என்று எழுதினார்கள்.

வெளியே வந்தோம். பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தேன். அவன் குடிக்கவில்லை.

"மாமா, நெசமாத்தான் சொன்னீங்களா? ரத்தினம்மா அடிச்சு சொல்லுது. முண்டாசு வேற இருக்குது படத்துல. ரெண்டாந்தரம் நீங்க உக்காரலியே?"

"இல்லடா மாப்ள."

"கோவிச்சுக்காதீங்க. நீங்க உக்காந்திருந்தா பொட்டி மேல தப்பு இல்ல. அத மட்டும் தெரிஞ்சுக்கணும். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவன் தலையில் கை வைத்தேன். எண்ணெய் தடவாத காய்ந்த தலை. "ஒன் தலைல அடிச்சு சத்தியம்டா" என்றேன்.

உடனே நம்பிவிட்டான். முகம் தெளிந்துவிட்டது. "அப்ப பள்ளம் வழுக்கியிருக்குது மாமா. ஒங்க மூஞ்சி மேல அமாவாச மாமாவோட முண்டாசு வந்து விழுந்திருக்குது. கண்டுபுடிச்சுரலாம்" என்றான். டீயை எடுத்துக் குடித்தான்.

பெரியோர்களே, என் வார்த்தையை நம்பி, தன் கை செய்த பெட்டியை அவன் சந்தேகப்பட்டான். இந்த உலகத்தில் எந்த விஞ்ஞானிக்காவது இப்படிப்பட்ட துரோகம் நடந்திருக்குமா? எத்தனையோ மிகைப்படுத்திப் பேசியிருக்கிறேன். இந்தத் துரோகத்தை மிகைப்படுத்த எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றேகால் வருஷம் அவன் வேறு வேலை பார்க்கவில்லை. ஸ்டுடியோப் படிக்கட்டுக்குக் கீழே இருந்த இருட்டறையில், வேகாத சோற்றைத் தின்றுகொண்டு, மருந்துத் தண்ணீரில் வெறுங்கையை முக்கிக்கொண்டு பள்ளம் பள்ளமாகச் சோதித்தான். பதினொரு பெட்டி செய்தான். அந்தத் தவறை ஒரே ஒரு தரம் மறுபடி வரவழைத்துவிட்டால் போதும், அதைத் திருத்திவிடுவான். ஆயிரம் தடவை இழுத்தான். ஒரு தடவைகூட வழுக்கவில்லை. எப்படி வழுக்கும்? இல்லாத தவறை அவன் தேடிக்கொண்டிருந்தான். அது இல்லை என்று தெரிந்தவன் நான் ஒருவன். வாரத்துக்கு மூன்று நாள் அந்த அறைக்குப் போய், அவன் சொன்னபடி முண்டாசு கட்டிக்கொண்டு, சோதனைக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கண்ணு ரெண்டும் மஞ்சளாப் பூத்திருக்குது, ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க பெரிப்பா" என்று மலர்க்கொடி என்னிடம் அழுதாள். கூப்பிட்டேன். "இந்த ஒரு பெட்டிய முடிச்சுட்டு வரேன் மாமா" என்றான். முடிக்க விட்டேன். கொண்டுபோனபோது காமாலை முற்றிவிட்டது என்றார்கள்.

ரத்தினம்மாள் என் வீட்டு வாசலுக்கு மூன்று தடவை வந்தார். "அண்ணே, அவரு எங்கிட்ட சொன்னாரு. ஒனக்குத் தெரியும். ஆபீசுல வந்து ஒரு வார்த்த சொல்லுண்ணே." மூன்று தடவையும் நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியாதும்மா என்றேன். மூன்றாவது தடவை டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னேன்.

போன மாதம், தை பதினொன்றாம் தேதி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் வயிறு வீங்கிக் கிடந்தான். என்னைப் பக்கத்தில் வரச்சொல்லிச் சைகை காட்டினான்.

"மாமா, எட்டாம் பள்ளம்தான். அர நூலு ஆழமா வெட்டணும். சரியாப் போயிரும். அமாவாச மாமா கேசயும் தெறக்கச் சொல்லலாம்."

அப்போது சொல்லியிருக்கலாம். அந்த வார்டில் எங்கள் இருவரைத் தவிர ஒரு கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். எந்த அதிகாரியும் இல்லை, எந்த ஜெயிலும் இல்லை. டேய், ஒன் பெட்டி தங்கம்டா, உக்காந்தது நான்தான்டா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு மூச்சு. அந்த மூச்சு எனக்கு வரவில்லை.

"வெட்டிடலாம் மாப்ள" என்றேன்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறும்போது போய்விட்டான்.

அய்யா அவர்களே, நீங்கள் பேனாவைத் திறந்துவிட்டீர்கள். எழுதுங்கள். கூடவே இதோ, நானே எழுதிக் கையெழுத்துப் போட்ட நாலு பக்க வாக்குமூலம். சாட்சிக் கையெழுத்துத் தலைவர் பூங்காவனம் அவர்கள் போடுவார். நேற்றுச் சாயங்காலம் அவரிடம் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு என் கன்னத்தில் ஓர் அறை கொடுத்தார். அதற்குப் பிறகுதான் இன்று பேச இடம் கொடுத்தார். மலர்க்கொடிக்கு நான் முன்னால் சொல்லவில்லை. அவள் இங்கேதான் முதல் தடவை கேட்கிறாள். என்னைப் பார்க்காதே தாயி. பார்க்க வேண்டாம்.

ரத்தினம்மாள் எழுந்திருக்கிறார். யாரும் கையைப் பிடித்து உட்காரவைக்காதீர்கள். பேசட்டும்.

"இப்ப எதுக்குய்யா சொல்ற? அந்தப் புள்ள இருந்தப்ப சொல்றதுக்கு என்னா? எம் புருசனுக்கு நாயம் கெடைக்கும், செரி. அதுக்கு அந்தப் புள்ள செத்துத்தான் ஆவணுமா? அது நாலு தரம் எங்க வூட்டுக்கு வந்துச்சு. எம் பொட்டியால ஒங்களுக்கு இப்புடி ஆயிருச்சுன்னு எங்கால்ல வுழுந்துச்சுய்யா! தப்பே பண்ணாத புள்ள எங்கால்ல வுழுந்துச்சு!"

கேட்டீர்களா? இது எனக்கே இப்போதுதான் தெரியும். அய்யா, இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புக்குரியவர்களே, இரங்கல் கூட்டம் என்றால் இறந்தவர் விட்டுப்போன பணியைத் தொடருவோம் என்று கைதூக்குவது வழக்கம். நானும் கேட்கிறேன். ஆனால் கை வேண்டாம், ஆள் வேண்டும். திங்கட்கிழமை காலை ஏழு மணி ரயிலுக்கு நான் திருச்சி போகிறேன். மேல்விசாரணை ஆபீசில் சரணடைகிறேன். வேலை போகட்டும், ஓய்வூதியம் போகட்டும். உள்ளே வைத்தாலும் வைக்கட்டும். அமாவாசையோடு குழியில் இறங்கி வேலை செய்தவர்கள் என்னோடு வாருங்கள். அவனுக்கு எந்தக் கையில் காய்ப்பு இருந்தது, எந்தப் பக்கம் நொண்டினான், சாப்பாட்டு மணி அடித்ததும் முதலில் யாரைக் கூப்பிட்டான் என்று ஒவ்வொருவரும் சொல்லுங்கள். படத்துக்குப் பயந்த மனிதன் அவன். நம் வாயில்தான் இப்போது அவன் முகம் இருக்கிறது.

பறிமுதல் செய்த நூற்றாறு அட்டைகளைத் திரும்பக் கேட்போம். அவை ஒவ்வொன்றும் சரியானவை. சங்கத்துக்காரர்களே, மேடையில் இருக்கும் இந்தப் பெட்டியை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போங்கள். ஒன்றை மட்டும் எனக்காகச் செய்யுங்கள். இனி இதற்கு முன்னால் உட்காருகிறவர் முதலில் தன் பெயரைத் தன் வாயால் உரக்கச் சொல்லட்டும். பயப்படுகிறவர் பக்கத்தில் போய் உட்காருங்கள், ஒரு நாழிகை ஆனாலும் பேசித் தேற்றுங்கள். அவருக்குப் பதிலாக மட்டும் யாரும் உட்காராதீர்கள். சிநேகத்துக்காகவும் வேண்டாம். விளையாட்டுக்காகவும் வேண்டாம்.

வாக்குமூலத்தோடு ஒட்ட ஒரு படம் வேண்டுமாம். தலைவர் அவர்களே, பெட்டியை என் பக்கம் திருப்புங்கள். பிலிம் போட்டாயிற்றா? சரி. முண்டாசு இல்லை, தூசி இல்லை. நன்றாகப் பார்த்து எடுங்கள். அறுபத்திரண்டாம் அட்டையில் இருக்கிறவன் நான்தான்.

என் பெயர் அங்கமுத்து.